நேயர் பக்கம்

கவிஞர் பூங்குளத்தான் செத்துப்போனது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் முற்பகல் ரத்னபாய் ரப்பர்ப்பாலைத் தட்டுகளில் ஊற்றி ஆசிட் கலக்கிவிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. புதிய நம்பர். ஓமானிலிருந்து மகன் டெனில்தான் வேறு யாருடைய போனிலிருந்தாவது அழைக்கிறானோ என்று ஈரக்கையோடு எடுத்தாள்.

"வேதமாணிக்கம் சாருடெ வீடல்லே? நான் ரேடியோ ஸ்டேஷன்லேருந்து பிரேமகுமாரி. சார் உண்டோ?"

"உண்டு. ஆனா பேசமாட்டாரு."

"எந்தா, பிணக்கமாணோ?"

"பிணக்கம் ஒண்ணும் இல்ல பிள்ளே. தொண்டைய எடுத்தாச்சு. வாற மாசம் வந்தா ஒண்ணேகால் வருசம் ஆவும்."

அந்தப் பெண் மலையாளத்தை விட்டுவிட்டு மெதுவாகத் தமிழில் பேசினாள். பூங்குளத்தானுக்கு அஞ்சலி நிகழ்ச்சி ஒன்று தயார் செய்கிறார்கள். பழைய ஒலிநாடாக்களைத் தேடியதில், தொண்ணூற்றேழாம் வருடம் வேதமாணிக்கம் அவரை எடுத்த பேட்டி முழுசாகக் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்குப் போடப்போகிறார்கள். முன்னுரையாக சார் இரண்டு வார்த்தை பேசினால் நன்றாயிருக்கும் என்றுதான் கூப்பிட்டாள்.

"பழைய சத்தம் அப்பிடியே உண்டா?" என்று கேட்டாள் ரத்னபாய்.

"நல்ல கிளியராயிட்டு உண்டு அம்மா."

"அப்பம் அது போரும். போடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது வேதமாணிக்கம் பின்வாசல் நிலையில் நின்றிருந்தார். கழுத்துத் துவாரத்தின் மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உதட்டை மட்டும் அசைத்து, வேண்டாம் என்றார்.

"நான் சொல்லியாச்சு," என்றாள் ரத்னபாய்.

அமரவிளைப் பக்கம் ஓர் ஓட்டுக் கம்பெனியில் சரக்குக் கணக்கு எழுதுவது அந்தக் காலத்தில் அவருக்கு வேலை. ஞாயிறு தோறும் மலையாள ரேடியோ நிலையத்தில் அரைமணி நேரத் தமிழ் நிகழ்ச்சிக்கு அறிவிப்பாளராகப் போவார். பதினொரு வருடம் போனார். பஸ்ஸில் அவர் டிக்கெட் கேட்டால் முன்சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் மற்றவர்களைப் போல 'வாறேன், போறேன்' என்று பேசுகிற மனிதர், ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். சிவப்பு விளக்கு எரிந்ததும் ளகரமும் ழகரமும் தானாக வந்து நிற்கும்.

தொண்ணூற்றொன்பதில் அதை விட்டுவிட்டார். மூத்தவள் எப்சி ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனாள். மூன்றே நாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று நிலையத்துக்குப் போனவர், மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வார்டில் அவள் படுத்திருந்த கட்டிலில் வேறொரு பிள்ளை கிடந்தது. அடக்கம் முடிந்த அன்று ரத்னபாயிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அவளுக்க பேர இனி இந்த வீட்டுல எடுக்கப்பிடாது." அதன் பிறகு அவர் நிலையத்துக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த ரேடியோவை யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்தப் பேரை ரத்னபாயும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போதே வானம் இருண்டிருந்தது. துலாமாச மழைக்கு மதியம் ஒரு மணி ஆனால் போதும், கிழக்கே இடி இறங்கிவிடும். பக்கத்து வீட்டு சிபி காரக்கோணம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து போனோடு இணைத்து மேசைமேல் வைத்தான். அவன் மனைவி பிந்துஜா வந்தாள். வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆன தாசையன் குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ரத்னபாய் மரச்சீனிக்கிழங்கு வேகவைத்து, சாளைமீன் கறி கூட்டியிருந்தாள். யாரும் சாப்பிடவில்லை. கறியின் மணம் வீடெல்லாம் நின்றது. வேதமாணிக்கத்துக்கு அந்த மணம் தெரியாது. மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் ஆப்பரேஷனுக்குப் பிறகு அவருக்கு எந்த மணமும் இல்லை.

முதலில் ஒரு பாட்டு. பிறகு பிரேமகுமாரியின் அறிமுகம். பிறகு ஒலிநாடா சுற்றுகிற லேசான இரைச்சல். அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"வணக்கம், நேயர்களே. இன்று நம்மோடு இருப்பவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவருடைய வரிகள் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன."

பிந்துஜா வேதமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான். அவர் பேசி அவள் நன்றாகக் கேட்டதில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது.

"மாமா சத்தமா இது?" என்றாள் சிபியிடம். குரல் தாழ்ந்திருந்தது.

பேட்டி நன்றாகவே இருந்தது. ஊரெல்லாம் பாடிய அந்தக் காதல் பாட்டை எந்த மனநிலையில் எழுதினீர்கள் ஐயா என்று அந்தக் குரல் கேட்டது. "பல்வலியில் எழுதினேன்," என்றார் பூங்குளத்தான். "கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். ஆற்று மணல் ஆறும் நேரம் என்று வருகிறதே, ஆற வேண்டும் என்று நான் நினைத்தது என் ஈறைத்தான்." குரல் சிரித்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, அடக்க முயன்று முடியாமல் உடைந்த சிரிப்பு. தாசையன் வாத்தியாரும் சேர்ந்து சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வேதமாணிக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது.

அவர் பின்புறச் சாய்ப்பில், காய்ந்த ரப்பர் ஷீட்டுகள் தொங்குகிற கயிற்றுக்குக் கீழே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் கேட்டது.

"மீண்டும் அடுத்த ஞாயிறு இதே நேரத்தில் சந்திப்போம். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுவது வேதமாணிக்கம். வணக்கம்."

அறைக்குள் ரத்னபாயின் வாய் அசைந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"முழுசும் ரெக்காடு பண்ணிட்டேன் மாமி," என்றான் சிபி. "உங்க போனுக்கு இப்பமே விட்டுத்தாறேன்."

அதற்குப் பிறகு அந்தக் குரல் அந்த வீட்டில் குடியேறிவிட்டது.

விடிந்ததும் ரத்னபாய் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போவாள். தூசும் பாலின் காரமும் கழுத்துத் துவாரத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மரங்கள் அவள் பொறுப்பு. அறுபத்தொன்றாம் வயதில் கத்தி பிடிக்கக் கற்றவள். மழைக்குப் பிளாஸ்டிக் கட்டிய மரங்களுக்கிடையே அவள் குனிந்து நிமிர்ந்து போகும்போது, இடுப்பில் செருகிய போனிலிருந்து குரல் கேட்கும். வணக்கம் நேயர்களே. அடுக்களையில் மீன் வெட்டும்போது கேட்கும். ஷீட்டு அடிக்கும் ரோலரின் கரகரப்புக்கு மேலேயும் கேட்கும். வேதமாணிக்கம் முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவார். அதுதான் அவர் அவளைக் கூப்பிடும் விதம். முன்பெல்லாம் ஒரு தட்டுக்கே வருவாள். இப்போது மூன்று நான்கு தட்ட வேண்டியிருந்தது.

ஒருநாள் கட்டஞ்சாயாவுக்காக அவரே அடுக்களைப் பக்கம் போனார். ரத்னபாய் முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போன் உப்புப்பரணியில் சாய்ந்து நின்றது. நிகழ்ச்சி முடியும் இடம். 'விடைபெறுவது வேதமாணிக்கம். வணக்கம்.'

"வணக்கம் அப்பா," என்றாள் ரத்னபாய். "வேகம் வா."

அது அவளுடைய குரல் இல்லை. மேலே எழும்பி, கடைசி எழுத்தை இழுத்து விடுகிற ஒரு சின்னக் குரல். கை துருவிக்கொண்டேதான் இருந்தது. வேதமாணிக்கம் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

பிறகு அதையே கவனித்தார். ஒவ்வொரு முறையும் சொன்னாள். தோட்டத்திலிருந்தும் அந்தச் சின்னக் குரல் வந்தது. அவரிடம் சோறு போடவா என்று கேட்கும்போது பழைய ரத்னபாயின் குரலாகவே இருந்தது. இவளுக்குப் புத்தி மாறுகிறதா என்று பயந்தார். டெனிலுக்கு எழுதலாமா என்று போனை எடுத்துவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்தார். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் போனுக்குள் இருக்கிறவன் சிரிக்கிறான்; அவனுக்கு அவள் பதில் சொல்கிறாள். முன்னறையில் இருக்கிறவனுக்கு இரண்டு கை மட்டும்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது நடந்தது. வேதமாணிக்கத்துக்குக் காலையிலிருந்தே சளி கட்டியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவருக்குத் துவாரத்தின் குழாயில் சளி உறைந்து அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகவில்லை. கையைத் தட்டினார். அடுக்களையில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினார். எழுந்து மேசையை உதைத்தார். தண்ணீர்ச் செம்பு விழுந்து உருண்டது. உள்ளே அந்தக் குரல் சிரித்தது; அடிவயிற்றிலிருந்து, மூச்சுக்குக் குறைவில்லாத சிரிப்பு. வெளியே ஓட்டில் மழை. சுவரைப் பிடித்து நகர்ந்து, அலமாரியிலிருந்த மருந்துத் தண்ணீரைத் துவாரத்தில் பீச்சி, விரலால் உள்குழாயைப் பிடுங்கினார். கட்டி தெறித்து வந்தது. தரையில் உட்கார்ந்து, துவாரம் விசிலடிக்க மூச்சு வாங்கினார்.

"வணக்கம் அப்பா. வேகம் வா," என்றது அடுக்களை.

மாலையில் ரத்னபாய் குளிக்கப் போனபோது அவளுடைய போனை எடுத்தார். அந்தப் பதிவைத் தேடி அழித்தார். சிபி அனுப்பியிருந்த செய்தியையும் அழித்தார்.

மறுநாள் காலையில் சர்ச்சுக்குப் புறப்படுமுன் ரத்னபாய் போனை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சிபியின் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது சேலைத் தலைப்பு மழையில் நனைந்திருந்தது.

"சிபிக்க போன் தண்ணியில விழுந்து போச்சாம். புதுசு வாங்கியிருக்கான். அதுல ஒண்ணும் இல்லியாம்," என்றாள். அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்களா அழிச்சிய?"

வேதமாணிக்கம் ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. உடுத்திய வெள்ளைச் சேலையோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, முதல்நாள் சிரட்டைகளில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைப் பிரித்துக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

அதிலிருந்து நான்கு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. கஞ்சியும் சிறுபயறும் நேரத்துக்கு மேசையில் வந்தன. குழாய் கழுவ வெந்நீர் வந்தது. கழுத்துத் துணி துவைத்து மடித்து நாற்காலிக் கையில் கிடந்தது. அவர் தட்டினால் வந்து நின்றாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வேதமாணிக்கம் இதுவரை அறியாத ஒன்றை அப்போது அறிந்தார்: இந்த ஒன்றேகால் வருடமும் இந்த வீட்டில் பேச்சு இருந்தது என்றால் அது அவள் ஒருத்தி பேசியது. மீன் விலை, சர்ச் கமிட்டிச் சண்டை, பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை வந்தது வராதது எல்லாம் சொல்லி, அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அது நின்றதும் சுவர்க்கடிகாரம் கூட அடுத்த வீட்டில் ஓடுவது போலக் கேட்டது.

ஐந்தாம் நாள் காலையில் சிபியை வரச்சொல்லிச் சைகை காட்டி, நிலையத்துக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கொடுத்தார். அந்தப் பேட்டியின் பிரதி ஒன்று வேண்டும் என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார். சிபி போய்விட்டு மத்தியானம் வந்தான்.

"மேடம் மேலிடத்துக்கு அனுப்பணும்ணு சொன்னாவ மாமா. அனுமதி வர நாள் ஆவுமாம். கிட்டுமா கிட்டாதாண்ணு இப்பம் சொல்ல முடியாதாம்."

அவன் போனபிறகு வேதமாணிக்கம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். ரத்னபாய் மரச்சீனியின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அடுக்களைத் தரையில் கால் மடக்கி உட்கார்ந்தார். எழுதினார். எழுதும்போது அவருக்கு எப்போதும் நிலையத்துத் தமிழ்தான் வரும்.

'அன்று எனக்கு மூச்சு அடைத்தது. நான் தட்டியது உனக்குக் கேட்கவில்லை. அந்தக் குரல்தான் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அழித்துவிட்டேன். தவறுதான்.'

ரத்னபாய் படித்தாள். அவள் கையிலிருந்த கிழங்கு மடியில் விழுந்தது.

"மூச்சு அடைச்சுதா? எப்பம்? எனக்கிட்ட சொல்லல்லியே."

அவர் தொடர்ந்து எழுதினார். 'நீ அதற்குப் பதில் சொல்கிறாய். அது யாருடைய குரல்?'

அவள் மடியில் விழுந்த கிழங்கை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு தனக்குத்தானே தலையாட்டினாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும். நீங்க ரேடியோ ஸ்டேஷன்லல்லா இருப்பிய. ஞாயித்துக்கிழமை ஒண்ணரை மணிக்கு இந்த வீட்டுல என்ன நடந்துதுண்ணு நீங்க ஒரு நாளும் கண்டதில்லியே."

வேதமாணிக்கத்தின் துணி மூச்சுக்கு வேகமாக அசைந்தது.

"ஒண்ணே காலுக்கே ரேடியோவுக்க முன்னால வந்து இருந்துக்கிடுவா. தின்னுகிட்டு இருந்த கை கூட கழுவமாட்டா. டெனில் சத்தம் போட்டா வாயைப் பொத்துவா. நீங்க கடைசியில வணக்கம் சொல்லுவியல்லா, அது தனக்கு மட்டும் சொல்லியதாக்கும்ணு அவளுக்கு எண்ணம். எழும்பி நின்னு, 'வணக்கம் அப்பா, வேகம் வா' எண்ணு சொல்லுவா. சொல்லிப்போட்டு ரோட்டுக்கு ஓடுவா. பஸ் வர பின்னயும் ரெண்டு மணிக்கூர் உண்டு. அங்கன பஸ் நிக்கிய இடத்துல, சிலுவை வச்ச மரத்து மூட்டுல நிப்பா."

அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. ஆனாலும் ரத்னபாய்க்குப் புரிந்தது. எப்சி.

"ஆமா. எப்சி," என்றாள். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பேர் அந்த அடுக்களையில் சத்தமாக விழுந்தது. "போன்ல இருக்கியது நீங்க இல்ல. எனக்கு நீங்க இஞ்ச உண்டுமே, பின்னே அது எதுக்கு? அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்க வீட்டுல பிள்ளை இருக்கா. பஸ்ஸுக்கு நிக்கியா. அவரு பேசிக்கிட்டு இருக்கிய நேரம் வரைக்கும் அவ இருக்கா. அதாக்கும் கேட்டேன்."

வேதமாணிக்கம் நோட்டை இழுத்து எழுதினார். எழுத்து கோணியது. 'கடைசி நாள் அவள் என்னைத் தேடினாளா?'

அதை அவர் ஒருபோதும் கேட்டதில்லை. தேடினாள் என்ற பதிலை அவரே எழுதிவைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்தார்.

ரத்னபாய் கத்தியைத் தூர வைத்தாள்.

"தேடல்ல," என்றாள். "அடுத்த கட்டில்காரிக்கிட்ட ஒரு சின்ன ரேடியோ இருந்துது. ஒண்ணரைக்கு அவ அத வச்சா. உங்க சத்தம் வந்துது. ரெண்டு நாளா கண்ணு தொறக்காத பிள்ளை தலையத் திருப்பிச்சு. 'அம்மா, அப்பா வந்தாச்சு' எண்ணு சொன்னா. நான் இல்லைண்ணு சொல்லல்ல. ஆமா மக்களே, வந்தாச்சு, இஞ்சதான் இருக்காருண்ணு சொன்னேன். அரைமணிக்கூரும் கேட்டுக்கிட்டுக் கெடந்தா. நீங்க வணக்கம் சொன்னப்பம் அவளுக்க உதடு லேசா அனங்கிச்சு. சத்தம் வரல்ல. பின்ன ஒறங்கினா. மூணு மணிக்குப் போனா."

ஓட்டிலிருந்து வடிந்த நீர் வாசல் கல்லில் விழுந்துகொண்டிருந்தது.

"இத உங்ககிட்ட அண்ணைக்கே சொல்லியிருக்கணும்," என்றாள் ரத்னபாய். "நீங்க பேரெடுக்கப்பிடாதுண்ணு சொன்னிய. அது மட்டும் இல்ல. எனக்கு உங்க மேல கோவம் உண்டு. அந்த நாளு போவாண்டாம்ணு நான் கையப் பிடிச்சேன், நீங்க போனிய. இத உங்களுக்குத் தரமாட்டேன், இது எனக்கு மட்டும் இருக்கட்டும்ணு வச்சிட்டேன். பிறகு வருசம் போச்சு. எப்பிடி எடுத்துத் தாறதுண்ணு தெரியாம போச்சு."

வேதமாணிக்கம் அழுதார். அழுகைக்கும் சத்தம் இல்லை. காற்று மட்டும் கழுத்துத் துணியை ஊதி ஊதித் தள்ளியது. ரத்னபாய் நகர்ந்து வந்து, துணி நனைந்து துவாரத்தில் ஒட்டிவிடாமல் அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஓயும் வரை அப்படியே பிடித்திருந்தாள்.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. ரத்னபாய் கத்தியோடு இறங்கியபோது வேதமாணிக்கம் இரட்டைத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார். டாக்டர் சொன்னதை அவள் நினைவுபடுத்தினாள். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதல் மரத்தில் அவள் பட்டையைச் சீவி, பால் சிரட்டைக்கு இறங்கத் தொடங்கியதும், அவர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று உதட்டை அசைத்தார். பிறகு?

"பிறகு என்ன?" என்றாள். அவர் கேட்பது என்ன என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "எதச் சொல்லியதுக்கு? ஆயிரம் உண்டு. ஒண்ணாம் கிளாஸ்ல அவ சாருக்க மூக்குக்கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு கிளாஸ் எடுத்தது தெரியுமா உங்களுக்கு? தெரியாது. நீங்க கம்பெனியில. ஒருநாள் கோழிக்கு ஜெபம் சொல்லிக்குடுத்தா."

மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போனாள். ஏழாவது மரத்தடியில் கதையில் ஒரு இடம் வந்தபோது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

காரக்கோணத்துக்கு ஆட்டோ எடுக்கப் புறப்பட்ட சிபி வேலிக்கு அப்பால் நின்றான். ரப்பர் மரங்களுக்குள் ரத்னபாயின் பேச்சு மட்டும்தான் அவனுக்குக் கேட்டது. மரங்கள் மறைத்ததால் வேதமாணிக்கம் தெரியவில்லை. நான்கைந்து நாளாக அந்த வீட்டில் குரலே இல்லாதிருந்தது அவனுக்குத் தெரியும்.

"மாமி, யாருக்கிட்ட பேசுறிய?" என்று கேட்டான். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"எப்சிக்க அப்பாகிட்ட," என்றாள் ரத்னபாய். அடுத்த மரத்தின் பட்டையில் கத்தியை வைத்தாள்.